வெந்நீருக்கு இவ்வளவு விலையா? வெள்ளைத் தேநீர் பற்றி ஒரு வாதம்

வாசகர் கேள்வி – 18 ஜனவரி 2025

மொரீஷியஸின் போர்ட் லூயி நகரத்துச் சீனர் தெருவில் சில்வர் நீடில் என்று ஒரு சின்ன டப்பா வெள்ளைத் தேயிலை வாங்கினேன். 50 கிராம்தான், விலையைச் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். டப்பாவில் போட்டிருந்தபடியே செய்தேன்: 70 டிகிரி தண்ணீர், ஒரு டீஸ்பூன் இலை, இரண்டு நிமிடம். நிறமில்லை, மணமில்லை, வாயில் ஊற்றினால் வெந்நீர். நம் வனிலாத் தேநீரில் பால் ஊற்றிக் குடித்து வளர்ந்த எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரிகிறது. வெள்ளைத் தேநீர் என்பது பணக்காரர்களிடம் விற்கும் வெந்நீர். இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்.

18 ஜனவரி, இரவு

இல்லை என்கிறேன். உங்கள் இலையில் குற்றமில்லை, அந்த டப்பாவில் அச்சடித்த மூன்று வரியில்தான் குற்றம்.

முதலில் டீஸ்பூனைக் கீழே வையுங்கள். சில்வர் நீடில், அதாவது வெள்ளி ஊசி மொட்டுகள் நீளமாக, பஞ்சுபோல லேசாக இருக்கும். ஒரு டீஸ்பூனில் ஒரு கிராம் நின்றாலே அதிகம். வனிலாத் தேயிலைத் தூளோ அதே கரண்டியில் இரண்டு மடங்குக்கு மேல் எடை நிற்கும். கேக் செய்ய வைத்திருக்கும் சின்னத் தராசை எடுங்கள். 4 கிராம் இலை, 150 மில்லி தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு தடவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றினால் 90 டிகிரி பக்கம் வந்துவிடும், அதுவே போதும். மூடி போட்டு ஐந்து நிமிடம். வடித்து, உடனே குடிக்காமல் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். பிறகு பேசலாம்.

19 ஜனவரி

ஏன் ஐந்து நிமிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் தினமும் குடிக்கும் தேயிலை உருட்டி, நசுக்கி, பொடியாக நொறுக்கியது. இலையின் உயிரணுக்கள் எல்லாம் உடைந்து, சாறு வெளியே வந்து, இலைமேலேயே காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் சாயம் ஓடிவந்துவிடும். வழக்கமான வெள்ளைத் தேயிலையை உருட்டுவதில்லை, வறுப்பதில்லை, ஆவியில் வேகவைப்பதில்லை. கொழுந்தைப் பறித்து, மெல்லியதாகப் பரப்பி, ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள்வரை வாட்டி, பிறகு உலர்த்துகிறார்கள். அவ்வளவுதான். அதனால் இலை முழுசாக இருக்கிறது. மேலே மெழுகுப் பூச்சு, அதற்கும் மேலே வெள்ளைச் சுணை, மெல்லிய முடிபோல. சுவை உள்ளே பூட்டியபடி இருக்கிறது. அதை இளஞ்சூட்டில் இரண்டு நிமிடத்தில் வெளியே வரச்சொன்னால் எப்படி வரும்?

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். வெள்ளைத் தேயிலை ‘எதுவும் செய்யாமல் விட்ட இலை’ என்று விளம்பரங்களில் வரும். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. வாட்டு என்பது சும்மா விடுவது இல்லை. அந்த ஒன்றிரண்டு நாளில் இலையின் புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது, இனிப்பு அதிலிருந்து வருகிறது. பச்சைத் தேயிலையில் சூடு காட்டி நொதிகளைக் கொன்றுவிடுவார்கள். இதில் கொல்வதில்லை, எனவே இலை மெதுவாக, லேசாக ஆக்சிஜனேற்றமும் அடைகிறது. காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எப்போது கிளறுவது, எப்போது வெயிலிலிருந்து எடுப்பது என்று வாட்டுகிறவர் ராத்தூக்கம் இல்லாமல் பார்க்கிற வேலை அது. கை வேலை குறைவு, கண் வேலை அதிகம்.

22 ஜனவரி

டர்பனிலிருந்து ஒரு அக்கா கடிந்திருக்கிறார்: 90 டிகிரி ஊற்றினால் மென்மையான மொட்டு வெந்துபோய்க் கசக்கும், 70 தாண்டவே கூடாது என்று.

அக்கா, பச்சைத் தேநீருக்குச் சொல்லும் அறிவுரை அது. ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வெள்ளைக்கு அதையே தூக்கிவந்து ஒட்டிவிட்டார்கள். சீனாவில் தேயிலையைத் தரம் பார்க்கிறவர்கள் வெள்ளைத் தேயிலையை எப்படிச் சுவைக்கிறார்கள் என்று பாருங்கள்: 3 கிராம் இலை, 150 மில்லி கொதிநீர், மூடி போட்டு ஐந்து நிமிடம். அவர்களுடைய தேசியத் தரமுறையில் உள்ளது இது. உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 3103 முறையும் அப்படித்தான், 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம். குறை இருந்தால் அந்தக் கோப்பையில் ஒளிய இடமில்லை. நல்ல இலை அதையும் தாங்கி இனிப்பாகவே நிற்கும்.

குடிப்பதற்கு நான் கொதிநீர் வரை போவதில்லை, மொட்டுக்கு 85 முதல் 90. இலையும் மொட்டும் கலந்த ‘பை மூ தான்’ வகை என்றால் 95. முதிர்ந்த இலைக்குக் கொதிநீர்தான். மொரீஷியஸ் மேட்டுநிலத்தில் உள்ள எங்கள் க்யூர்பிப் வீட்டில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும், கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரம் ஆயிற்றே. அந்த இரண்டு டிகிரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் எப்படிப்பட்டது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பெருமழை பெய்த மறுநாள் குழாயில் வரும் தண்ணீர் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் வெள்ளைத் தேநீர் போடவே போடாதீர்கள். ஒரு குடம் பிடித்து மூடாமல் ராத்திரி முழுக்க வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும்.

23 ஜனவரி

கேள்வி கேட்டவர் செய்து பார்த்திருக்கிறார். “வெளிர்மஞ்சள் நிறம் வந்தது. வெள்ளரிக்காய் நறுக்கிய மணம். குடித்து முடித்தபின் தொண்டையில் ஏதோ இனிக்கிறது, ஆனால் அது சுவையா என் நினைப்பா தெரியவில்லை” என்கிறார்.

நினைப்பு இல்லை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறதே, அந்த வழியில் வருகிற இனிப்பு. அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவது கோப்பைதான் இதில் அருமை, முதல் தண்ணீரில் சுணை நனைந்து இலை விரிய ஆரம்பிக்கவே நேரம் போய்விடும். நாலைந்து தடவை தாங்கும். கோப்பை அடியில் தூசிபோல் மிதந்தால் கவலை வேண்டாம், அது உதிர்ந்த சுணை. வடிகட்டிவிடாதீர்கள், நாக்கில் படும் அந்த வழவழப்பில் அதற்கும் பங்கு உண்டு.

30 ஜனவரி

நேற்று சீனப் புத்தாண்டு விடுமுறை. அதற்கு முந்தின நாளே போர்ட் லூயி போய்விட்டேன். பட்டாசும் மெழுகு ஆப்பம் என்கிற புத்தாண்டு அரிசி இனிப்பும் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கடைக்காரப் பெரியவர் எனக்காக நாலு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஹக்கா சீனக் குடும்பம், மூன்றாம் தலைமுறை. எங்கள் தீவின் கிரியோல் மொழியில்தான் பேரம். வீட்டில் நாலையும் ஒரே எடை, ஒரே நேரம், ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு வரிசையாக வைத்தோம். என் தங்கை, எதிர்வீட்டு மாமா, நான். எழுதிவைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

நாலும் ஃபூஜியன் மாகாணத்துச் சரக்கு. அங்கே ஃபூதிங், ஜெங்ஹ என்ற இரண்டு ஊர்கள்தான் இதற்குத் தாய்வீடு. இதற்கு ஏற்றபடி பெரிய மொட்டு வைக்கும் செடி வகைகள் அங்கே உண்டு, ஃபூதிங் பெருவெள்ளை, ஜெங்ஹ பெருவெள்ளை என்று. ஃபூதிங் பக்கம் வெயில்காட்டி வாட்டுவார்கள், ஜெங்ஹ பக்கம் காற்றோட்டமான நிழலில் நிதானமாக.

பை ஹாவ் யின் ஜென், அதாவது வெள்ளி ஊசி: மொட்டு மட்டும். வசந்தத்தின் முதல் பறிப்பு. கோப்பையில் வைக்கோல் மணம், வெள்ளரி, கடைசியில் கரும்புச் சாறு ஆறியபின் இருக்கும் மெல்லிய இனிப்பு. துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. என் தங்கைக்கு இதுதான்.

பை மூ தான்: ஒரு மொட்டு, ஒன்றோ இரண்டோ இளம் இலை. பூமணம் இதில்தான். முலாம்பழமும் தேனும். துவர்ப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அதனால் வாயில் ஒரு பிடிப்பு இருக்கும். என் ஓட்டு இதற்கே. வெள்ளி ஊசியில் பாதி விலைகூட இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊசியில் தொடங்காமல் இதில் தொடங்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கோங் மெய் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிறு இலைச் செடி, நன்றாக இருந்தது, நினைவில் நிற்கவில்லை.

ஷோ மெய்: பெரிய, முதிர்ந்த, பழுப்பும் பச்சையும் கலந்த இலைகள். பார்க்கச் சருகு. வாசலில் கூட்டித் தள்ளியதை விற்கிறார்களா என்று மாமா கேட்டார். கொதிநீர் ஊற்றியதும் அவரே குனிந்து முகர்ந்தார். செம்மஞ்சள் சாயம், பேரீச்சம்பழ மணம், நல்ல கனம். “இது டீ” என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் ஒதுக்கி, கிண்ணத்தை முழுசாகக் குடித்தார். காரமான பருப்பு வடையான காத்தோ பிமாங்குக்குக்கூட ஈடுகொடுத்தது. ஹாங்காங் சிற்றுண்டிக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக ஊற்றுவது இதைத்தான். அந்த ஊர்ச் சந்தைக்கென்றே 1968-இல் லேசாக உருட்டிய ஒரு புதுவகையும் ஃபூதிங்கில் உண்டாக்கினார்கள். சாயம் சீக்கிரம் இறங்கவேண்டும் என்பது வாடிக்கையாளர் கேட்டது. நம் வாசகரின் குறையும் அதுதானே, 1968-இலேயே ஹாங்காங்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

1 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. ஆன்ஜி பை சா என்று ஒன்றை இணையத்தில் ‘அரிய வெள்ளைத் தேயிலை’ என்று விற்கிறார்கள், ஒருவர் வாங்கலாமா என்று கேட்டார். நல்ல தேயிலை, தாராளமாக வாங்கலாம், ஆனால் அது பச்சைத் தேநீர். குளிர் வசந்தத்தில் இலை பச்சையம் குறைந்து வெளுத்துத் துளிர்க்கும் செடி அது, அமினோ அமிலம் மிகுதி. பறித்ததும் பச்சைத் தேயிலைபோல் சூடுகாட்டி நொதியைக் கொன்றுதான் செய்கிறார்கள். அதற்கு 75, 80 டிகிரிதான், இங்கே நான் சொன்ன கொதிநீரை அதில் ஊற்றிவிடாதீர்கள். அதேபோல, சோங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஹுய்சோங் 1107 வாக்கில் எழுதிய தேயிலை நூலில் வெள்ளைத் தேயிலையைப் புகழ்கிறாரே, அதுவும் இன்றைய வெள்ளைத் தேநீர் இல்லை. அபூர்வமாக முளைத்த ஒரு வெளிறிய மரத்தைச் சொல்கிறார். ஃபூதிங் பெருவெள்ளையில் மொட்டு மட்டும் பறித்துச் செய்கிற இன்றைய வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது.

13 பிப்ரவரி

முந்தாநாள் காவடி முடிந்தது. விரதம் இருந்தவர்கள் வீட்டில் ஏழு கறியும் இலையும் எடுத்துவைத்து ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

பத்து நாள் விரதத்தில் நாக்கு எப்படி மாறுகிறது என்பது எனக்குப் பல வருடமாகவே ஆச்சரியம். மாமிசம் இல்லை, வெளிச்சாப்பாடு இல்லை, காரம் குறைவு, வீட்டில் சமைத்ததே சாப்பாடு. ஒன்பதாம் நாள் மாலை கோயிலிலிருந்து வந்து பை மூ தான் போட்டேன். புத்தாண்டுக் கிண்ணத்தில் ‘முலாம்பழம்’ என்று எழுதிய இடத்தில் இப்போது அதன் தோலோரம், பழம், பழத்துக்குப் பின்னால் ஒரு ரோஜாச் சாயல் என்று தனித்தனியாக வந்தது. அதே டப்பா, அதே தராசு, அதே தண்ணீர்.

விரதம் இருந்தால்தான் தேநீர் குடிக்கலாம் என்று சொல்லவரவில்லை. சாப்பாட்டுக்குப் பின்னால், அதிலும் ஊறுகாய் தின்ற வாயால், வெள்ளைத் தேநீரை எடைபோடாதீர்கள் என்கிறேன். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, பல் துலக்கிய உடனேயும் இல்லாமல், ஒரு வாய்த் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் குடியுங்கள். சூடாக ஒரு மிடறு, இளஞ்சூட்டில் ஒரு மிடறு, ஆறிப்போனபின் ஒரு மிடறு. வெள்ளைத் தேநீரின் முழு மணமும் இரண்டாவது மிடறில் இருக்கும். அதன் யோக்கியதை மூன்றாவதில். கெட்ட வாட்டு ஆறியபின் ஈரத்துணி வாடை காட்டிவிடும்.

2 மார்ச்

கரான்ஸ் புயல் நம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனை மிகவும் படுத்திவிட்டது. அதன் தலைநகர் செந்தெனி பக்கத்து உறவினர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று செய்தி வந்தபின்தான் மனம் அமைந்தது. இங்கேயும் நாளெல்லாம் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். சுவரெல்லாம் வேர்த்தது.

தேயிலை அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். கறுப்புத் தேயிலை எல்லாம் நன்றாக இருக்கிறது. தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருந்த ஷோ மெய் அடிமணம் மங்கி, பெட்டி வாடை ஏறியிருக்கிறது. வெள்ளைத் தேயிலையின் ஈரப்பதம் சீனத் தரத்தின்படி 8.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் தீவின் மேட்டுப்பகுதிக் கோடையில் திறந்த இலை அதை வெகு சீக்கிரம் தாண்டும்.

இதை எழுதுவதற்குக் காரணம், ஒரு நண்பர் பழைய வெள்ளைத் தேயிலை சேர்க்கப்போவதாகச் சொன்னார். “ஒரு வருடம் தேநீர், மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் பொக்கிஷம்” என்று சீனாவில் ஒரு சொலவடை இருக்கிறது, அதைப் படித்துவிட்டு. வெள்ளைத் தேயிலை வைக்க வைக்க மாறும் என்பது உண்மை. பச்சை வாடை போய், தேன், காய்ந்த பழம், மூலிகை என்று போகும். அதற்கு உலர்ந்த அறை வேண்டும். மருந்து என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், வியாபாரிகளுக்கு வசதியான சொலவடை. க்யூர்பிப்பில் அட்டைப்பெட்டியில் வைத்து ஏழு வருடம் காத்திருந்தால் பூஞ்சைதான் பொக்கிஷம். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் வாய் நன்கு ஒட்டிய அலுமினியப் பை, அதைத் தகர டப்பாவில், டப்பாவைச் சமையலறைக்கு வெளியே.

வனிலாத் தேயிலை இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்கவே வேண்டாம். ஒரே வாரத்தில் வெள்ளி ஊசியும் வனிலாவாகிவிடும்.

5 மார்ச்

“இரத்த அழுத்தம் இருக்கிறது, காப்பி வேண்டாம் என்றார் டாக்டர், வெள்ளைத் தேநீரில் காஃபின் இல்லையாமே?”

இருக்கிறது ஐயா. தேயிலைச் செடியில் காஃபின் அதிகம் இருப்பதே மொட்டிலும் இளங்கொழுந்திலும்தான், பூச்சிகளிடமிருந்து செடி தன் குருத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. சாயம் வெளுப்பாக இருப்பதற்கும் காஃபினுக்கும் சம்பந்தமில்லை. இளஞ்சூட்டில் இரண்டு நிமிடம் போட்டால் கோப்பையில் குறைவாக இறங்கும், ஆனால் அப்போது சுவையும் இறங்காது. காஃபினே கூடாதென்றால் தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் குடியுங்கள், அது வேறு செடி. டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும்.

செந்தெனியிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த பையில் நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இருந்தது: க்ராங் கூட் வெள்ளைத் தேயிலை. ரெயூனியனின் தெற்கே சென் ஜோசெஃப் பகுதியில், லாங்ஜெவன் ஆற்றுக்கும் ரம்பார் ஆற்றுக்கும் இடையே ஒரு மேட்டு நிலம், ஏறத்தாழ 1,100 மீட்டர். அந்தத் தீவில் ஒருகாலத்தில் தேயிலைத் தொழில் இருந்து 1970-களில் நின்றுபோனது. கைவிட்ட செடிகள் மரமாக வளர்ந்துவிட்டன. பிற்பாடு அங்கே ஒரு குடும்பம் கவ்வாத்து வெட்டி மறுபடி கொழுந்தெடுக்க ஆரம்பித்தது. இப்போது பச்சையும் வெள்ளையும் செய்கிறார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழி தேடி நடக்கும் புதிர்ப்பாதை ஒன்றும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஃபூதிங் ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது, அது நியாயமில்லை. செடி வேறு, மண் வேறு, எரிமலைச் சாம்பல் மண். மொட்டு சிறிது, சுணை குறைவு. போட்டதும் பச்சைப் பட்டாணி உரித்த மணம், பிறகு ஒரு சிட்ரஸ் தோல் வாசம். உடம்பு மெலிந்த தேநீர், ஆனால் சுத்தம். மூன்றாம் தண்ணீரில் தளர்ந்துவிடுகிறது. சித்தப்பா அதில் சர்க்கரை போடட்டுமா என்றார், சித்தி முறைத்தார்.

இந்தியப் பெருங்கடலில் நம் பக்கத்துத் தீவில் ஒரு மலைமேட்டில் இது நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். விலை அதிகம்தான். கையால் மொட்டு கிள்ளும் கூலி ஐரோப்பியக் கூலி, குறையவும் குறையாது, குறையவும் கூடாது.

16 ஏப்ரல்

உடனே கேள்வி: அங்கே முடிந்தால் நம் மொரீஷியஸ் தேயிலைத் தோட்டமான புவா ஷெரியில் ஏன் முடியாது? 1892-லிருந்து தேயிலை இருக்கிற இடமாயிற்றே.

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் தெற்கு மேட்டுநிலம் மழைக்குப் பேர்போனது. நாள்கணக்கில் வாட்டவேண்டிய இலைக்கு அந்த ஈரக்காற்று எதிரி. வாட்டு நீண்டால் இலை கறுத்துப்போகும். கூடத்துக்குள் சூடுகாற்று விட்டு வாட்டலாம், சீனாவிலும் மழை நாளில் அப்படிச் செய்கிறார்கள், செலவு ஏறும். அடுத்தது மொட்டு. எல்லாச் செடியும் ஊசிக்குத் தகுந்த மொட்டு வைக்காது. இன்னொன்று, யாரும் பேசாதது: கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால் மொட்டு மட்டும் கிள்ளச் சொல்வது அவர்கள் கூலியில் கைவைப்பது. எந்தத் தேயிலைக்கும் ஒரு கிலோ காய்ந்த சரக்குக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதுவே வெறும் மொட்டில் நாலரைக் கிலோ என்றால் ஒருவர் எத்தனை மணி நேரம் நிற்கவேண்டும்? நாள்கூலி முறைக்கு மாற்றினால்தான் நியாயம். குன்னூரில் அதைக் கண்ணால் பார்த்தேன், அடுத்துச் சொல்கிறேன்.

21 ஏப்ரல்

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் உடன்படித்தவன் வீடு குன்னூரில். டிசம்பர் விடுமுறைக்குப் போனால் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. நீலகிரித் தேயிலைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உச்சம் என்பார்கள். குளிரும் வறட்சியும் செடியின் வளர்ச்சியை இழுத்துப்பிடிக்க, கொழுந்தில் மணம் திரளும். காற்று உலர்ந்திருப்பதால் வாட்டுக்கும் அதுவே காலம். அவன் அம்மா ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். வெள்ளைத் தேயிலைக்குப் பறிக்கும் நாளில் கூடையில் நிரப்பமாட்டார்கள், மொட்டு நசுங்கினால் அங்கே சிவந்துவிடும் என்று தட்டையான முறத்தில் மெதுவாக இடுவார்கள் என்று செய்துகாட்டினார். அந்த நாட்களுக்கு எடை பார்க்காமல் நாள்கூலி.

அவர் வீட்டில் அந்த மொட்டைப் போட்டுக்கொடுத்தது எவர்சில்வர் டம்ளரில். டம்ளரில் நேரே மொட்டு, மேலே வெந்நீர், பாதி குடித்ததும் மறுபடி வெந்நீர். கைவான் என்கிற மூடியுள்ள சீனக் கிண்ணம், தராசு, கடிகாரம் எதுவும் இல்லை. யூகலிப்டஸ் காடுகள் சுற்றியிருப்பதாலோ என்னவோ ஒரு குளிர்ந்த வாசம், அடியில் மாம்பூ மணம். நான் இதுவரை குடித்த வெள்ளைத் தேநீரில் மனத்தில் முதலிடம் அதற்கே. மொட்டு தண்ணீரில் நின்றுகொண்டு மெல்ல இறங்கும், இறங்கியபின் குடி, அதுதான் கணக்கு என்றார் அந்த அம்மா. மேலே நான் எழுதிய கிராம், நிமிடம் எல்லாம் பழகும்வரைதான். பழகியபின் அந்த டம்ளர் முறையே தினசரிக்கு நல்லது.

9 மே

இலங்கையின் ஹந்துனுகொட தோட்டத்து ‘கன்னி வெள்ளை’ பற்றிக் கேட்டவர்களுக்கு: காலிக்குக் கிழக்கே, கடற்கரைக்கு அருகிலேயே இருக்கும் தாழ்நிலத் தோட்டம் அது. மனிதக் கை படாமல், கையுறை போட்டு, கத்தரியால் மொட்டை வெட்டி எடுக்கிறார்கள் என்பது அவர்கள் பெருமை. பழங்காலச் சீனச் சடங்கின் சாயல் என்பார்கள். குடித்திருக்கிறேன். மிக மெல்லியது, பூத்தேன் மாதிரி ஒரு மணம், நல்ல தேநீர் என்பதில் சந்தேகமில்லை. இலங்கை மலைநாட்டு மொட்டுத் தேயிலையான சில்வர் டிப்ஸ் எனக்கு அதைவிட நிறைவாக இருந்தது, சாயத்தில் ஒரு பொன்னிறம், வாயில் கனம்.

கை படாத கதைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் விருப்பம். கை பட்டதால் தேயிலை கெடும் என்று யாராவது நினைத்தால் மட்டும் எனக்குத் தாங்காது. குன்னூர் முறத்தில் அந்த அம்மாவின் விரல் மொட்டை வைத்த விதத்தைப் பார்த்தவன் நான்.

யுவே குவாங் பை என்ற யுனான் வெள்ளையையும் இந்த வாரம் பார்த்தோம். பெரிய இலை, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. தேன், ஏலம், கொஞ்சம் லிச்சிக்கு உறவான லோங்கான் பழம், பழுத்தது. இனிப்பு வெளிப்படையாகத் தெரியும். பால் தேநீரிலிருந்து வருகிறவர்களுக்கு ஷோ மெய்க்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

28 ஜூன்

குளிர் வந்துவிட்டது, க்யூர்பிப்பில் மதியமே மூடுபனி. எதிர்வீட்டு மாமா இப்போது ஷோ மெய்யைச் சட்டியில் போட்டே காய்ச்சுகிறார். அரை லிட்டருக்கு 5 கிராம், கொதி வந்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம். சாயம் அடர்செம்மஞ்சள், கசப்பில்லை. முதிர்ந்த இலைக்கு இது சரியான முறை. ஊசியை இப்படிக் காய்ச்சினால் வீண்.

கோடையில் செய்யவேண்டியதை இப்போதே சொல்லிவைக்கிறேன்: ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரில் 7 கிராம் பை மூ தான், குளிர்ப்பெட்டியில் ராத்திரி முழுக்க. காலையில் வடித்துக் குடித்தால் பூமணம் அத்தனையும் அதில் இருக்கும். துவர்ப்பு தண்ணீர் சூடாக இருந்தால்தான் எளிதில் இறங்கும், குளிரில் பின்தங்கிவிடும்.

6 ஜூலை

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார், மலாவி நாட்டு சதெம்வா தோட்டத்து வெள்ளை வகை ஒன்று டர்பன் அக்கா வழியாகக் கிடைத்திருக்கிறதாம். ‘ஆன்ட்லர்ஸ்’ என்பார்கள். மொட்டுமில்லை, இலையுமில்லை, இளங்காம்பு மட்டும். சுணை போர்த்த காம்புகள் மான்கொம்பு மாதிரியே இருக்கும். நம் பக்கத்தில் 1923-லிருந்து நடக்கும் தோட்டம் அது, சிரே மேட்டுநிலத்தில். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்.

காம்பு என்றால் பயமே வேண்டாம், 95 டிகிரி, 5 கிராம், ஆறு நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டாம் தண்ணீருக்கு எட்டு. பாதாமி, லிச்சித் தோல், அந்த வழியில் மணம் தேடுங்கள். உங்கள் அம்மாவுக்கும் ஒரு கோப்பை ஊற்றுங்கள், அவர் என்ன மணம் சொல்கிறார் என்பதை நீங்கள் வாய் திறக்குமுன் எழுதிவாங்கி இங்கே போடுங்கள்.